இரட்டை லயத்தை இடிக்கமுன் அளந்து பதிவு செய்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 12 காம்பரா (அறை) உள்ள பழைய இரட்டை லயம், அதாவது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைத் தொழிலாளர் குடியிருப்பு. கருங்கல் சுவர், தகரக் கூரை. புது வீடுகள் முடிந்ததும் இடிக்கப்போகிறார்கள். நாலு பேர், இரண்டு நாள், 30 மீற்றர் அளவு நாடா, போன் கமெரா இருக்கின்றன. எதில் தொடங்குவது? தொல்பொருள் சட்டத்தால் இடிப்பதை நிறுத்த முடியாதா?

பதில் 1:
சட்டத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் தானாக வருபவை 1815 மார்ச் 2-க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முந்தைய கட்டடங்கள். கோப்பித் தோட்டங்களே அதற்குப் பிறகுதான். வர்த்தமானியில் (அரசிதழில்) தனியாக அறிவித்தால் மட்டுமே பாதுகாப்பு.

முதலில் கைப்படம் வரைந்து, கோடிக் காம்பராவிலிருந்து இலக்கமிடுங்கள். வெளிச்சுவரை அளக்கும்போது நாடாவின் பூச்சியம் ஒரே மூலையில் இருக்கட்டும். கதவு, ஜன்னல், தடுப்புச் சுவர் என்று வரிசையாக வாசித்துப் போங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து கடைசிக் கதவு இடம் மாறிவிடும்.

உள்ளே நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டமும் கட்டாயம். சரிவில் நிற்கும் லயத்தில் எந்தக் காம்பராவும் நேர் சதுரமாக இருக்காது. உயரத்துக்கு, தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பிச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் குறியிடுங்கள்; அதிலிருந்து மேலும் கீழும் அளக்கலாம். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தவறும்.

கேட்டவர்:
நன்றி. முதுகோடு முதுகு ஒட்டிய நடுச்சுவரின் தடிப்பை எப்படி எடுப்பது? அதில் கதவே இல்லை.

பதில் 1:
கோடிச் சுவரில் லயத்தின் முழு அகலத்தை எடுங்கள். அதிலிருந்து இருபக்கக் காம்பராக்களின் உள்நீளத்தையும், கதவு நிலையில் அளந்த இரண்டு முன்சுவர்த் தடிப்பையும் கழியுங்கள். மிஞ்சுவது நடுச்சுவர், பூச்சோடு சேர்த்து. மூன்று இடத்தில் செய்து ஒப்பிடுங்கள்.

பதில் 2:
படங்களுக்கு மூடுபனி நாள் நல்லது, நிழல் விழாது. லென்ஸில் படியும் ஈரத்தை மட்டும் அடிக்கடி துடையுங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதன் மூன்றில் இரண்டு பங்கையாவது மறுபடி காட்டினால், பிறகு கணினியில் முப்பரிமாணமாகச் சேர்க்கலாம். 10 சென்ரிமீற்றருக்கு ஒரு நிறம் தீட்டிய 1 மீற்றர் கம்பு படத்தில் நிற்கட்டும். இஸ்தோப்புக்குள் (முன் விறாந்தைக்குள்) நின்று அகல லென்ஸில் எடுக்காதீர்கள், ஓரங்கள் வளையும். கானுக்கு (வடிகாலுக்கு) அப்பால் போய்ச் சுவருக்கு நேராக எடுங்கள்.

இஸ்தோப்பை அடைத்துக் கட்டிய குசினியை (சமையலறையை)ப் பிற்சேர்க்கை என்று விட்டுவிட வேண்டாம். கருங்கல்லோடு சீமெந்துக் கல் சேரும் கோட்டை நெருக்கமாக எடுத்து, எப்போது, யார் கட்டினார்கள் என்று அங்கே இருப்பவர்களிடமே கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு காம்பராவும் ஒரு குடும்பத்தின் வீடு. தோட்ட நிர்வாகம் சம்மதித்தாலும் அவர்களிடம் தனியாகக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.