மறு: கிளைமேட் நார்மல் – 'இயல்பளவு' எனலாமா?

வணக்கம். 'கிளைமேட் நார்மல்', அதாவது ஓர் ஊரின் வெப்பநிலை, மழை போன்றவற்றுக்கு முப்பது ஆண்டுகளை வைத்துக் கணக்கிடும் சராசரி, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'நீண்டகால சராசரி' என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது. இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழைக்குச் சொல்லும் நீண்டகால சராசரி 87 செ.மீ., 1971 முதல் 2020 வரையிலான ஐம்பதாண்டுக் கணக்கு. உலக வானிலை அமைப்பின் நார்மலோ முப்பதாண்டுக் கணக்கு. ரெண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

என் ஓட்டு 'இயல்பளவு'. வெறும் 'இயல்பு' என்றால் அந்த ஊரின் குணமே அதுதான் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார், 'அளவு' சேர்ந்தால் யாரோ அளந்து கணக்குப் போட்டது என்பது தெரியும். செய்திகளில் 'இயல்பை விட அதிகம்' என்று எழுதிப் பழகியிருப்பதால் 'இயல்பளவை விட' என்பதும் உறுத்தாது. ஆனால் முதல் தடவை வரும் இடத்தில் ஆண்டுகளையும் சேர்த்தே எழுத வேண்டும். நார்வேயின் வானிலை நிறுவனம் 2020 முடியும்வரை 1961–1990 ஆண்டுகளின் நார்மல் தொடரையே வைத்திருந்துவிட்டு அப்புறம்தான் 1991–2020க்கு மாறியது, நாடு முழுவதற்குமான ஆண்டு வெப்பநிலை அதில் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடிவிட்டது. வடக்கு நார்வேயில் உள்ள டிரோம்சோ நகருக்கு ஜனவரியில் −4.4, ஜூலையில் 11.8 டிகிரி என்று இன்னும் பல பயணக் குறிப்புகளில் சுற்றுவது பழைய தொடர்.

அதே ஊரில் 1997 ஏப்ரல் 29 அன்று தரையில் 240 செ.மீ. பனி கிடந்தது. 'இயல்பளவு' என்ற சொல் இதையெல்லாம் சொல்லாது, சொல்லவும் வேண்டாம். பயணக் கட்டுரை எழுதுபவர்தான் சராசரியோடு நிறுத்தாமல் உச்சங்களையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, வரைவு அட்டவணையில் 'பகல் வெப்பநிலை', 'இரவு வெப்பநிலை' என்று இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழுவதே இல்லை, தென்மேற்கிலிருந்து கடற்காற்று அடித்தால் அன்றைய அதிகபட்சம் நள்ளிரவில்கூட வரலாம். 'அதிகபட்ச', 'குறைந்தபட்ச' என்று பாடப்புத்தகத்தில் இருப்பதே போதும், புதுசாக எதுவும் தேட வேண்டாம்.

'வழமையளவு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் முப்பது ஆண்டுக்குள் மாறிப்போகிற ஒன்றை வழமை என்பதில் எனக்குத் தயக்கம். வேறு யோசனை உள்ளவர்கள் எழுதுங்கள்.