பூச்சி உரமா, பூச்சியெச்சமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளின் கழிவும் அதனோடு சேர்ந்த மிச்சமுமாகக் கிடைத்து, செடிக்கு உரமாகும் பொருளை ஆங்கிலத்தில் ‘ஃபிராஸ்’ (frass) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பூச்சி உரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் முந்தைய மடலில் எழுதியிருந்தார். எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் தொட்டிச் செடி வளர்க்கும் அண்டை வீட்டு அம்மாவிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, “பூச்சி உரம்” என்றேன். “இதைப் போட்டால் பூச்சி வராதா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. பூச்சி மருந்து என்றால் பூச்சியைக் கொல்லும் மருந்து என்றுதானே பழகியிருக்கிறோம்?

‘புழு உரம்’ இன்னும் சிக்கல். அந்த இடத்தை மண்புழு உரம் எப்போதோ பிடித்துக்கொண்டது. மண்புழு பூச்சியினமும் அல்ல. இரண்டையும் குழப்பினால் செடிதான் வாடும்: மண்புழு உரத்தைத் தாராளமாகப் போடலாம், ஃபிராஸைக் கொஞ்சமாகத்தான் மண்ணில் கலக்க வேண்டும். கழிவுகளைத் தின்னவிட்டு வளர்க்கப்படும் கறுப்புப் படைவீரன் ஈ (black soldier fly) என்ற ஈயின் புழுக்களிடமிருந்து எடுத்த புதுக் கழிவில் அம்மோனியம் மிகுந்திருக்கும். மக்க விடாமல் நாற்றங்காலில் போட்டால் இளவேர் கருகிவிடும்.

தமிழில் கழிவுக்குச் சொல் பஞ்சமே கிடையாது. மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு இலத்தி, பறவைக்கும் பல்லிக்கும் எச்சம். எலுமிச்சைச் செடியில் தழை தின்னும் கம்பளிப்புழுவின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்துப் பாருங்கள். மாலைக்குள் கரும்பச்சை மணிகள் உதிர்ந்து கிடக்கும். வடிவத்தில் அவை புழுக்கையேதான். அதனால் ‘புழுக்கை’ என்ற பரிந்துரையில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘புழுப்புழுக்கை’ என்று நாக்கு புரளாது. வெறுமனே ‘புழுக்கை’ என்றால் ஆடுதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘பூச்சியெச்சம்’. பறவையெச்சம் என்ற வழக்கை ஒட்டியது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எச்சம் என்றால் கழிவு. எஞ்சி நிற்பதும் எச்சமே. மாவுப்புழு வளர்க்கும் தட்டைச் சலித்தால் கீழே விழுவது மணல்போல் உலர்ந்த தூள். அதை உள்ளங்கையில் பரப்பினால் நுண்ணிய கழிவு மணிகளோடு தின்னாமல் விட்ட தவிட்டுத் துகளும், புழு உரித்துப் போட்ட மெல்லிய சட்டைகளும் தெரியும். இவை மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பொருள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதியும் இதை இப்படிப்பட்ட கலவையாகவே வரையறுக்கிறது: வளர்ப்புப் பூச்சிகளின் கழிவு, தீவன மிச்சம், பூச்சியின் உடற்கூறுகள், இறந்த முட்டைகள் ஆகியவை சேர்ந்தது; அதில் இறந்த பூச்சிகள் மட்டும் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ‘கழிவு’, ‘சாணம்’ என்ற சொற்களில் சட்டையும் தவிடும் அடங்கா. ‘எச்சம்’ எல்லாவற்றையும் அணைத்துக்கொள்கிறது.

அந்தச் சட்டையை விட்டுவிடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கைட்டின். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மற்ற எருக்களிலும் உண்டு. கைட்டினோ பூச்சியின் மேலோட்டிலும் பூஞ்சையின் செல்சுவரிலும் இருப்பது. அதை உணரும் செடி, தன்னைத் தாக்க வந்துவிட்டார்கள் என்று எண்ணித் தற்காப்பை முடுக்கிக்கொள்கிறது.

ஃபிராஸ் ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேர் விலங்குகள் தின்பதைக் குறிக்கும் வினை. அவர்கள் தின்பதிலிருந்து பெயர் எடுத்தார்கள், நாம் தின்றபின் எஞ்சுவதிலிருந்து எடுக்கிறோம். எனக்கு நம்முடையதே பொருத்தமாகப் படுகிறது.

மரம் துளைக்கும் வண்டு வெளியே தள்ளும் தூளையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிக்கிறார்கள் என்று நம் குழுவின் அம்மா ஒருவர் நினைவூட்டியது சரியே. அதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டாம். மரம் உளுத்துப்போவதைப் பேசும் மொழியில் ‘உளுத்தூள்’ தானாகவே பொருள் தரும்.

ஆக, பொருளுக்குப் பூச்சியெச்சம், பதப்படுத்தித் தோட்டத்துக்கு வருவதற்குப் பூச்சியெச்ச உரம், நீரில் ஊறவைத்து வடித்ததற்குப் பூச்சியெச்சக் கரைசல், மரத்தூளுக்கு உளுத்தூள். ‘பூச்சி எச்சம்’ என்று பிரித்து எழுதினால் ‘பூச்சி’யைப் பெயரடையாகப் படித்துவிடுவார்களோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது, ஆகவே சேர்த்தெழுதவே விரும்புகிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்