பாடும் மீனை ஒலிப்பதிவு செய்வது எப்படி? அது மீனா, ஊரியா?

வாவிக்கரை:
உயர்தரச் செயற்றிட்டத்துக்கு மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் சத்தத்தைப் பதிவு செய்ய வேணும். கல்லடிப் பாலத்தில் நின்று ஃபோனில் எடுத்தால் காற்றும் வாகனமும்தான் விழுகிறது. எந்த மாதம், எந்த நேரம் நல்லது? தண்ணீருக்குள் விடும் மைக்கைக் குறைந்த செலவில் நாங்களே செய்யலாமா? சிலர் மீன் என்கிறார்கள், சிலர் ஊரி, அதாவது ஓடுள்ள நீர் நத்தை, என்கிறார்கள். அறிக்கையில் எதை எழுதுவது?

தோணித்துறை:
தம்பி, பாலத்தின் மேல் நின்று காது கொடுத்துப் பலனில்லை. தண்ணீருக்குள் எழும் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் மேற்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வரும், மிச்சம் முழுக்கத் திரும்பிக் கீழேயே போய்விடும். அதனால்தான் பழைய ஆட்கள் துடுப்பை நம்பினார்கள். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியின் நுனியைக் காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திப் பிடியுங்கள். மற்றக் காதை விரலால் அடையுங்கள். வெடிப்பில்லாத, காய்ந்த மரத்துடுப்பு வேணும். பிளாஸ்டிக் துடுப்பு சத்தத்தைத் தின்றுவிடும்.

காலம், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. மாரி வெள்ளம் வந்து சேர்ந்ததும் வாவி கலங்கி உப்புக் குறையும், கடல் பக்கத்து உயிர்கள் முகத்துவாரத்துக்கு ஒதுங்கும். அந்த மாதங்களில் போய் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினால் அது வாவியின் குற்றமல்ல. பறுவத்தை அண்டிய இரவுகளைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நிலவில்லாத இரவுகளிலும் அதே இடத்தில் பதிவு எடுங்கள், இல்லாவிட்டால் நிலவுக்கும் சத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று உங்களால் சொல்லவே முடியாது. கச்சான் (மேற்கு) காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் போகவேண்டாம். இராப் பத்து மணிக்குப் பிறகு காற்று விழுந்ததும் இறங்குங்கள்.

தோணியை முன்னும் பின்னும் இரண்டு கல்லில் கட்டுங்கள். ஒரு கல்லென்றால் தோணி சுற்றும், கயிறு உரசும், அந்த முனகலையே மீன் என்று நினைத்துவிடுவீர்கள். கட்டிய பிறகு கால் மணித்தியாலம் பேச்சில்லாமல் இருக்க வேணும், கலைந்த உயிர் உடனே கத்தாது. வாவியில் முதலை உண்டு. துறை தெரிந்த வலைகாரர் ஒருவர் இல்லாமல் இரவில் இறங்கவே கூடாது.

ஈயப்பற்று:
மைக் செய்யலாம், செலவு பெரிதில்லை. 27 மில்லிமீற்றர் பியசோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு) ஒன்று, கவசமுள்ள ஒற்றைக்கம்பி வயர் 5 மீற்றர், எபொக்சிப் பசை. நடுக்கம்பியை வெள்ளை வட்டத்திலும் கவசத்தைப் பித்தளை விளிம்பிலும் ஈயம் பிடியுங்கள். சூடு ஓரிரு செக்கனுக்கு மேல் போனால் வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும். பிறகு எபொக்சியை இரண்டு தடவை மெல்லிசாகப் பூசுங்கள். வயர் உள்ளே நுழையும் இடத்தில் 2 சென்ரிமீற்றர் தூரமாவது மூட வேணும், ஏனென்றால் தண்ணீர் எப்போதும் அங்கேதான் புகும். உப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, தண்ணீருக்கும் நடுக்கம்பிக்கும் இடையில் மல்டிமீற்றரால் தடையை அளவுங்கள். மீற்றர் ஏதாவது எண் காட்டினால் கசிகிறது, திரும்பப் பூசுங்கள்.

கூடுதலான ஆட்கள் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். பியசோத் தகட்டை நேரே ஃபோனின் மைக் துளையில் செருகுவார்கள். தகட்டின் கொள்ளளவம் சுமார் 20 நனோபரட், ஃபோனின் உள்ளீட்டுத் தடை 2 கிலோஓம் அளவு. இரண்டும் சேர்ந்தால் 4000 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மெலிந்துவிடும், மீனின் முனகல் முழுக்க அதற்குக் கீழேதான். இடையில் ஒரு எஃப்இடி (ஒருவகை டிரான்சிஸ்டர்) முன்பெருக்கி வைத்து உள்ளீட்டுத் தடையை 1 மெகாஓம் ஆக்கினால் வெட்டும் எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கும்.

மைக்கைத் தோணியில் இறுக்கிக் கட்டாமல் இறப்பர் பட்டியில் தொங்கவிடுங்கள், கீழே 200 கிராம் பாரம். சேற்றில் முட்டாமல் அரை மீற்றர் உயரத்தில் நிற்கட்டும். ரெக்கோடரில் வேவ் கோப்பு, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். தானியங்கிச் சத்தக் கட்டுப்பாடும் இரைச்சல் நீக்கியும் நிறுத்தியிருக்க வேணும். தொடர்ந்து வரும் முனகலை அந்த நீக்கி இரைச்சலென்று எண்ணி அழித்துவிடும்.

வாவிக்கரை:
நன்றி அண்ணன். வேறொருவர் தந்த பதிவை நிறமாலையில் (சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில்) போட்டுப் பார்த்தோம். 100 ஹேர்ட்ஸில் அசையாத ஒரு கோடு. தேரை மீன் அந்த அளவில்தான் முனகும் என்று படித்தோம். இதுதானா?

ஈயப்பற்று:
அவசரப்படவேண்டாம். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. மடிக்கணினியைச் சுவரில் செருகியிருந்தால், கரையில் மின்விளக்கோ மின்பிறப்பாக்கியோ இருந்தால் அந்தக் கோடு வரும். 50, 150, 200 இலும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கைத் தண்ணீரிலிருந்து தூக்கியும் இரண்டு நிமிடம் பதியுங்கள், அப்போதும் கோடு இருந்தால் அது வயரில் வருவது. மீனின் முனகல் தண்ணீர்ச் சூட்டோடு ஏறி இறங்கும், தொடங்கும், நிற்கும். மின்சாரக் கோடு விடியும்வரை ஒரே இடத்தில் இருக்கும்.

ஓந்தாச்சி:
உயிரைப் பற்றி. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 புரட்டாதியில் இங்கே தோணியில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஓசை போல, ஒன்றல்ல, பல மெல்லிய ஓசைகள், உச்சமும் மந்தமும் கலந்து. வலைகாரர் அவரிடம் ஊரி என்றுதான் சொன்னார்கள், உயிருள்ள ஊரிகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். தோணி நகர்ந்தால் ஒரு இடத்தில் ஓசை கூடும், பிறகு முழுதாக அற்றுப்போகும் என்பதும் அவர் குறிப்பிலுண்டு. மூலம் ஓரிடத்தில் தங்கியிருக்கிறது என்று அவரும் அதிலிருந்துதான் ஊகித்தார்.

அது வலுவான தடயம்தான், ஆனால் ஊரிக்கு மட்டும் சாட்சியில்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் தாழ்ந்த ஓசை ஓடாது. 2 மீற்றர் ஆழத்தில், அடி கடினமாக இருந்தாலும், சுமார் 190 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசை சில மீற்றரில் செத்துவிடும். அடி சேறென்றால் அந்த எல்லை இன்னும் மேலே ஏறும். ஆகவே கல்லிடுக்கில் கிடந்து முனகும் தேரை மீனும் அதே மாதிரி ஓரிடத்தில் மட்டும் கேட்கும். கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகு வீடுகளில் இருந்தவர்களை இராமுழுக்க நித்திரை கொள்ளவிடாமல் செய்தது அந்தக் குடும்பத்து ஆண் மீன்தான். காற்றுப்பையை ஒட்டிய தசையை விநாடிக்கு நூறு தடவை சுருக்கிப் பெட்டையைக் கூப்பிடும். அந்தக் குடும்பத்து மீன் இலங்கைக் கழிமுகங்களிலும் உண்டு. என் ஊகம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் ஊகம் என்றே எழுதுங்கள்.

ஊரியைச் சோதிப்பது சுலபம். வாவித் தண்ணீரும் மணலும் போட்ட வாளியில் ஐம்பது ஊரியை விட்டு, மைக்கை இறக்கி, இராமுழுக்கப் பதியுங்கள். ஊரியில்லாத இன்னொரு வாளியையும் பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். ஊரி நாக்கால் ராவும் மெல்லிய கறகற கேட்கலாம். நீண்ட இசை வந்தால் அது பெரிய செய்தி. விட்டுவிட்டுக் கேட்கும் உறுமல் கெளுத்தியாகவோ கீளியாகவோ இருக்கலாம். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இடைவிடாமல் வருவது சொடுக்கு இறால், அது எல்லாப் பதிவிலும் இருக்கும். முனகலுக்கு 500 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் இறாலுக்கு 2000 ஹேர்ட்ஸுக்கு மேலேயும் பாருங்கள்.

தோணித்துறை:
ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் இந்த ஓசையை நீரரமகளிர் (நீரில் வாழும் தெய்வப் பெண்கள்) பாட்டாக எடுத்திருக்கிறார். ஊரில் கடற்கன்னி உருவமும் பல இடத்தில் நிற்கிறது. அறிக்கையில் அதற்குத் தனிப் பகுதி கொடுங்கள், விஞ்ஞானப் பகுதிக்குள் கலக்கவேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். சத்தம் எங்கே, எந்தக் காலத்தில் கேட்டது என்ற தகவல் அந்தக் கதைகளோடுதான் இவ்வளவு காலம் வந்தது. வலைகாரரிடம் கேட்கும்போது "மீன் பாடுமா?" என்று கேட்காதீர்கள், ஓமென்று சொல்லி முடித்துவிடுவார்கள். "எந்த இடத்தில், தோணியின் எந்தப் பக்கம், என்ன மாதிரிச் சத்தம்?" என்று கேளுங்கள். வயது போனவர்களிடம் முதலில் போங்கள். இயந்திரப் படகு வருவதற்கு முந்திய வாவியைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

வாவிக்கரை:
விளங்கிச்சு. பதிவில் இரைச்சலைச் சுத்தம் செய்துவிட்டுச் சமர்ப்பிக்கலாமா?

ஈயப்பற்று:
மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள், சுத்தம் செய்ததைப் பிரதியாகக் கொடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, நேரம், ஆழம், தண்ணீர்ச் சூடு, காற்று எந்தப் பக்கம் என்று வாயால் சொல்லிப் பதியுங்கள். கொப்பி தொலைந்தாலும் கோப்பில் இருக்கும்.