லைம் நோய்: டாக்ஸிசைக்ளினுக்குப் பதில் நிலவேம்பு கொடுக்கலாமா?

மீனா (கனெக்டிகட்):
வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. ஜூன் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் புதர் வெட்டினார். இப்போது அவர் முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு சிவப்பு வளையம். அரிப்பு இல்லை, வலி இல்லை. உண்ணி கடித்ததை நாங்கள் பார்க்கவே இல்லை. டாக்டரோ பார்த்ததுமே உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை 100 மில்லிகிராம், காலை இரவு, 14 நாள் என்று எழுதிவிட்டார். அதுதான் நெருடுகிறது.

திருநெல்வேலியில் இருந்து அத்தை, “டெங்குக்கே நிலவேம்புதானே குடித்தோம், அவனுக்கும் கஷாயம் போட்டுக் கொடு, அந்த மாத்திரையில் குடல் கெட்டுப்போகும்” என்கிறார். பொடி வீட்டில் இருக்கிறது. இங்கே மூலிகைக் கடையில் ஜப்பானிய நாட்வீட் சொட்டு மருந்தும் சொன்னார்கள். இவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். மாத்திரைக்குப் பதிலாக மூலிகை கொடுத்துப் பார்க்கலாமா, இரண்டையும் சேர்த்தா?

செல்வம் (மருந்தாளுநர், மாசசூசெட்ஸ்):
மீனா, மாத்திரையை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

டாக்டர் செய்தது சரி. ரத்தப் பரிசோதனை தேடுவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது உண்டாகச் சில வாரம் ஆகும். வளையம் இருக்கும்போதே பரிசோதித்தால் பல பேருக்கு ‘இல்லை’ என்றுதான் வரும். அதனால் வளையத்தைப் பார்த்தே மருந்து கொடுப்பதுதான் முறை. உண்ணியைப் பார்க்காததிலும் வியப்பில்லை. இந்த மாதங்களில் கடிப்பது இளம் உண்ணி, கசகசா அளவுதான் இருக்கும்.

என் தாத்தா நாகர்கோவில் பக்கம் சித்த வைத்தியர். நிலவேம்பின் கசப்போடு வளர்ந்தவன் நான், அதை மட்டம் தட்ட மாட்டேன். ஆனால் டெங்கு வைரஸ், லைம் பாக்டீரியா. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லைமை உண்டாக்கும் பொரேலியா கிருமியின் மேலேயே பல மூலிகைச் சாறுகளைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கக் கிரிப்டோலெபிஸ், கருப்பு வால்நட், நீங்கள் சொல்லும் நாட்வீட் எல்லாம் நன்றாக வேலை செய்தன. நிலவேம்பு அநேகமாக ஒன்றுமே செய்யவில்லை. வேலை செய்தவையும் கண்ணாடிக் குடுவைக்குள்தான் செய்தன. மனிதருக்கு எவ்வளவு கொடுத்தால் ரத்தத்தில் அந்த அளவு வரும், கல்லீரல் தாங்குமா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

ஒரு விஷயத்தை அத்தையிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தே சாப்பிடாவிட்டாலும் அந்த வளையம் சில வாரத்தில் தானாக மறைந்துவிடும். கஷாயம் குடித்தவர் ‘குணமாகிவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பார், கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும். அப்புறம் முகம் ஒரு பக்கம் கோணுவது, இதயத் துடிப்பு தடுமாறுவது, மாதங்கள் கழித்து முழங்கால் வீங்குவது எல்லாம் வரலாம். “என் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூலிகையிலேயே போச்சு” என்று நீங்கள் கேட்கும் கதைகளில் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

சேர்த்துக் கொடுப்பதென்றால், நிலவேம்பு ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் தலைசுற்றும். இந்த 14 நாளும் வேண்டாம் என்பேன்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் நெஞ்சு எரியும். வெயில் சீக்கிரம் சுடும், முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். முதல் நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் கூடினால் ஒவ்வாமை என்று நிறுத்திவிடாதீர்கள். கிருமி சாகும்போது அப்படி ஆவதுண்டு. மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தால் அது வேறு, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ராஜி (நியூ ஜெர்சி):
செல்வம் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. எனக்கு லைம் வந்து, மாத்திரையை முழுசாக முடித்தும், மாதக்கணக்கில் சோர்வும் மூட்டுவலியும் போகவில்லை. சிலருக்கு இப்படி ஆகிறது, மனப்பிரமை இல்லை. அந்த நேரத்தில்தான் ஆட்கள் நம்மைத் தேடி வருவார்கள். ஒருவர் என்னிடம் சொட்டு மருந்துகளோடு வெள்ளித் துகள் கலந்த தண்ணீரையும் விற்கப் பார்த்தார். வெள்ளியைத் தொடர்ந்து குடித்தால் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகிவிடும், தயவுசெய்து யாரும் தொடாதீர்கள். அதேபோல ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக்கொண்டே போவதும் வழியில்லை. நெதர்லாந்தில் 12 வாரம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு ஒன்றும் மேம்படவில்லை (2016). எனக்கு உதவியது நேரத்துக்குத் தூக்கம், மெதுவாகக் கூட்டிக்கொண்டே போன நடை. இஞ்சியும் மஞ்சளும் குழம்பில் போட்டுக்கொண்டேன், ஆறுதலாக இருந்தது. ஆனால் அதை மருந்து என்று சொல்ல மாட்டேன்.

மீனா (கனெக்டிகட்):
இருவருக்கும் நன்றி. சாப்பிட்டதும் முதல் மாத்திரை கொடுத்துவிட்டேன். வளையம் தானாக மறையும் என்பதை அத்தையிடம் சொன்னதும் யோசித்தார்கள், “சரி, முழுசா முடிக்கட்டும்” என்றார்கள். குடலுக்கு மோர் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

செல்வம் (மருந்தாளுநர், மாசசூசெட்ஸ்):
தாராளமாக. ஆனால் மாத்திரையோடு வேண்டாம், மோரில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து எதையும் அதோடு சேர்க்காதீர்கள். நீங்களும் பிள்ளைகளும் இன்றைக்கே அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள். உண்ணி இருந்தால் எண்ணெயும் நெருப்பும் வேண்டாம், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.