டிஃபர்டு மெயின்டனன்ஸ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கிண்டியிலிருந்து:
வணக்கம். டிப்ளமோ சிவில் பாடநூலில் சாலை, பாலப் பராமரிப்பு முதலீடு பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உரிய காலத்தில் செய்யாமல் விட்ட வேலைகள், அவற்றை இன்றைய விலையில் முடிக்க ஆகும் தொகை, இரண்டையும் குறிக்க ஒரே சொல் தேவை. 'ஒத்திவைத்த பராமரிப்பு' என்றால் தொகை என்ற பொருள் வரவில்லை. 'பராமரிப்புக் கடன்' சரியா?

மயிலாப்பூரிலிருந்து:
கடன் வேண்டாம் ஐயா. வீட்டுக்கடன், நகைக்கடன் வரிசையில் வைத்து, பராமரிப்புக்காக வாங்கிய கடன் என்றுதான் மாணவர் படிப்பார். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்பதில் உள்ள கடமைப் பொருளும் குறுக்கே வரும். பராமரிப்பு வடசொல் வழி வந்தது. பேண் என்ற நல்ல வேர் நம்மிடம் இருக்கிறது. 'பேணுகை நிலுவை' என்று வையுங்கள். 'காப்பு நிலுவை'யும் ஆகும்: 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்' என்று குறள் (385) சொல்லும் வரிசை நிதித்துறைக்கே எழுதியது போல இருக்கிறது.

தரமணியிலிருந்து:
நிலுவை பொருத்தம். வரி நிலுவை, சம்பள நிலுவை எல்லாருக்கும் தெரியும். பேணுகைதான் இடிக்கிறது. சைட்டில் நிற்கும் ஜூனியர் இன்ஜினியரும் கான்ட்ராக்டரும் பராமரிப்பு என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத சொல் பாடநூலோடு நின்றுவிடும்.

பெரம்பூரிலிருந்து:
நிலுவைக்கு வேர் நில். தெலுங்கிலும் நிலுவ உண்டு, இருப்பு என்ற பொருளில். ஆனால் இந்தத் தொகை நிற்பதே இல்லையே! மேம்பாலத்தின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்டை, அதாவது வெயிலில் தளம் நீள இடம்விட்டு ரப்பர் பட்டையால் மூடிய இணைப்பைப் பாருங்கள். இடைவெளியில் மண்ணும் ஜல்லியும் இறுகி ரப்பர் பட்டை கிழிகிறது. அப்போதே பட்டையை மாற்றினால் ஒரு பாதையை மட்டும் மூடினால் போதும். விட்டால் மழைநீர் தூணின் தலைக்கு இறங்கி, தளத்தைத் தூண்மேல் தாங்கி நகரவிடும் பேரிங்கின் இரும்புத் தகடுகள் துருப்பிடித்து இறுகும். வெயிலில் நீளும் தளம் நகர வழியில்லாமல் தூணைத் தள்ளும். கான்கிரீட் வெடித்துக் கம்பியும் துருவேறும். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பிறகு ஜாக்கி வைத்துத் தளத்தையே தூக்க வேண்டும். ரப்பர் வேலை பேரிங் வேலையாகிவிட்டது. சாலையும் அப்படியே: விரிசலை வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாரால் அடைக்காவிட்டால், தண்ணீர் அடித்தளத்துக்கு இறங்கும், பள்ளத்தை மேலே நிரப்பினால் நிற்காது, தோண்டிப் புதிதாய்ப் போட வேண்டும். ஆகவே 'வளர்நிலுவை'. வினைத்தொகை, வளர்ந்த, வளர்கின்ற, வளரும் நிலுவை. வளர்பிறை தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

தரமணியிலிருந்து:
எல்லாம் வளராது. மங்கிய லேன் கோட்டை அடுத்த ஆண்டு போட்டாலும் அதே வேலைதான், பெயின்ட் விலை ஏறியிருக்கும், அவ்வளவே. இன்னொன்று: தேய்மானத்தோடு குழப்பக் கூடாது. எல்லா வேலையும் நேரத்துக்குச் செய்தாலும் தேய்மானம் வரும், நிலுவை வராது.

கிண்டியிலிருந்து:
நன்றி. மூவர் நிலுவைப் பக்கம். பாடத்தில் 'பராமரிப்பு நிலுவை' என்றே போகட்டும். தேய்மான வேறுபாடும் ஜாயின்ட் எடுத்துக்காட்டும் அதே பக்கத்தில் வரும். 'பேணுகை நிலுவை' சொல்லடைவில் இருக்கும்.

பெரம்பூரிலிருந்து:
அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் வெறும் நிலுவை என்று எழுதினால் நிதி ஒதுக்குபவர் அடுத்த ஆண்டு அதே தொகையில் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மறுபதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.