30 அடி பாய்ப்படகு, யன்மார் 2ஜிஎம்20: எந்த புரொப்பெல்லர் போடுவது?

ஆயர்தாவார்_பாய்மரம்

வணக்கம். வீடு பேராக்கில் ஆயர் தாவாரில், படகு லுமுட்டில் கரையேறி நிற்கிறது. 30 அடி, நீர்மட்ட நீளம் 25 அடி. எஞ்சின் யன்மார் 2ஜிஎம்20, கியர்பாக்ஸ் விகிதம் 2.62, ஷாப்ட் 25 மில்லி. இப்போது இருப்பது இரண்டு இலை வெண்கலம், மடங்காதது. இலைகள் சேரும் குமிழில் '15 ஆர்எச் 13' என்று வெட்டியிருக்கிறது. அடிப்பாகம் சுத்தமாக இருந்தபோதே முழு திராட்டலில் நிமிடத்துக்கு 3100 சுற்றைத் தாண்டவில்லை, கரும்புகை வேறு. இலை நுனிகளில் இளஞ்சிவப்புத் திட்டுகள். பாயில் போகும்போது இலை மடங்கும் வகை வாங்கலாமா, மூன்று இலையா? ஷாப்ட் நடுவிலிருந்து ஹல் வரை ஒன்பதரை இஞ்சி இடம். கழற்ற, தோட்டத்துப் பட்டறையில் பேரிங் புல்லர் இரவல் கிடைக்கும்.

டிண்டிங்_கரை

வகையைப் பிறகு பார்ப்போம், முதலில் அளவு. குமிழில் இருப்பது 15 இஞ்சி விட்டம், ஆர்எச் என்றால் வலச்சுற்று, 13 இஞ்சி பிட்ச். அந்த 13தான் உங்கள் புகைக்குக் காரணம்: ஒரு சுற்றுக்கு 13 இஞ்சி முன்னேறப் பார்க்கும் இலை. எஞ்சினால் அதைச் சுற்ற முடியவில்லை, டீசல் முழுதாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது. இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் எல்போ (புகை வெளியேறும் வளைகுழாய்) கரியடைக்கும், எஞ்சின் சூடேறும்.

2ஜிஎம்20 தொடர்ந்து ஓட 3400இல் 16 குதிரைத்திறன், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் 3600இல் 18. புரொப்பெல்லர் அந்த 3600ஐ எட்டவிட வேண்டும். 3600ஐ 2.62ஆல் வகுத்தால் ஷாப்ட் வேகம் 1374. 25 அடி நீர்மட்டத்துக்கு ஹல் வேகம், அதாவது படகின் உடல் எட்டக்கூடிய உச்ச வேகம், 6.7 நாட், எஞ்சினில் 6 என்று வையுங்கள். ஒரு நாட் என்பது நிமிடத்துக்கு 1215 இஞ்சி. 6 நாட்டுக்கு 7290, அதை 1374ஆல் வகுத்தால் 5.3. பாய்ப்படகில் வழுக்கல் (இலை தண்ணீரில் நழுவி வீணாகும் முன்னேற்றம்) 45 விழுக்காடு என்று பிடித்து 0.55ஆல் வகுத்தால் 9.6 இஞ்சி.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். பிட்ச் ஒரு இஞ்சி குறைந்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும். உங்களுக்குக் குறைவது 500, அதாவது மூன்று இஞ்சி. இரண்டும் ஒரே இடத்துக்கு வருகின்றன: இரண்டு இலை என்றால் 15×10. மூன்றாவது இலை வந்தால் பிட்சில் ஒரு இஞ்சி குறைத்து 15×9. ஏழரை இஞ்சி ஆரம் போக ஹல்லுக்கு இரண்டு இஞ்சி மிஞ்சுகிறது. விட்டத்தில் பத்து விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, உங்களுக்குப் பதின்மூன்று இருப்பதால் அதிர்வு வராது.

ஆர்டர் கொடுக்கும் முன் படகின் டாக்கோமீட்டரை (சுற்று காட்டும் மீட்டர்) நம்பாதீர்கள். செம்பனை ஆலைகளில் மோட்டார் வேகம் பார்க்க வைத்திருக்கும் ஒளி டாக்கோமீட்டரைக் கேட்டு வாங்கி, கிராங்க் புல்லியில் பளபள டேப் ஒட்டி அளந்துவிடுங்கள். மீட்டர் 200 தப்பினால் பிட்ச் ஒரு இஞ்சி தப்பும்.

கடல்_பட்டறை

மடங்கும் வகைக்கு நம் தண்ணீர் பகை. கொட்டலசு, இங்கே தெரித்திப் என்போமே, நிற்கும் படகில் சில வாரத்திலேயே பல்சக்கரத்துக்குள் ஏறிவிடும். ஒரு இலை விரிந்து மற்றது பாதியில் நின்றால் ஷாப்ட்டே உதறும். ராஜா மூடா ரெகாட்டா என்ற பாய்ப்படகுப் பந்தயத்துக்கு ஓடுகிறவர் ஆள் வைத்து அடிக்கடி சுரண்டுவார், அவருக்கு அது சரி. உங்களுக்கு மடங்காத மூன்று இலைதான் என் முடிவு. பாயில் கொஞ்சம் வேகம் போகும், உண்மைதான். ஆனால் டிண்டிங் ஆற்றில் வற்றம் இழுக்கும்போது ரிவர்ஸில் பிடித்து நிறுத்தும். பாயில் போகும்போது கியரை நியூட்ரலில் விடுங்கள், இந்த கியர்பாக்ஸுக்கு யன்மார் சொல்வதும் அதுவே.

இளஞ்சிவப்புத் திட்டு கவலைக்குரியது. உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு மட்டும் நிற்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இலை மணி போல ஒலிக்கும், கெட்டது சொத்தையாகக் கேட்கும். பிட்ச் மாற்றித் தரச் சொல்லி அதைக் கொடுக்காதீர்கள், வளைத்தால் உடையும். புதிது நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் வாங்குங்கள்.

ஆயர்தாவார்_பாய்மரம்

தட்டிப் பார்த்தேன், சொத்தைச் சத்தம்தான். 15×9 மூன்று இலை, வலச்சுற்று என்று எழுதிக்கொண்டேன். டேப்பர், அதாவது ஷாப்ட் நுனி கூம்பாகச் சரியும் விகிதம், என்ன சொல்வது?

கடல்_பட்டறை

அளந்துவிட்டே சொல்லுங்கள். 25 மில்லி ஷாப்ட்டுக்குப் பெரும்பாலும் 1:10, ஒரு இஞ்சி ஷாப்ட்டுக்கு 1:16. விட்டத்தில் வித்தியாசம் 0.4 மில்லிதான் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். டேப்பரில் 10 மில்லி தள்ளி இரண்டு இடத்தில் வெர்னியர் வையுங்கள்: ஒரு மில்லி குறைந்தால் 1:10.

பேரிங் புல்லர் வேண்டாம். அதன் நகம் இலையைப் பிடித்து இழுத்தால் இலை வளையும். லேத் பட்டறையில் 12 மில்லி தகடு இரண்டு வெட்டச் சொல்லுங்கள். ஒன்றில் ஷாப்ட் நுழையும் பள்ளம், அது குமிழுக்கு முன்னால். மற்றது ஷாப்ட் நுனியில். இரண்டு பக்கமும் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்குங்கள். நட்டை முழுதும் கழற்றாமல் இரண்டு சுற்று தளர்த்தி விடுங்கள், இல்லாவிட்டால் டேப்பர் விடும்போது புரொப்பெல்லர் காலில் விழும். ஷாப்ட் நுனியில் சுத்தியல் படவே கூடாது, அடி நேரே கியர்பாக்ஸுக்குப் போகும்.

புதிதைச் சாவி (ஷாப்ட்டையும் குமிழையும் சேர்த்துப் பூட்டும் சிறு உலோகக் கட்டை) இல்லாமல் டேப்பரில் அழுத்தி, குமிழின் முன் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். சாவியோடு மாட்டும்போதும் அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் குமிழ் சாவியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, சாவியின் மேல்பக்கத்தை அரத்தால் தேயுங்கள். அதைக் கவனிக்காமல் நட்டை இறுக்கினால் டேப்பர் பிடிக்காது, எல்லாச் சுமையும் சாவிக்கு வந்து ஒருநாள் அது வெட்டிக்கொண்டு போகும். டேப்பரில் கிரீஸ் தடவாதீர்கள். நட்டு, பூட்டு நட்டு, பிறகு புது கோட்டர் பின்.

டிண்டிங்_கரை

ஷாப்ட் துத்தநாகத்தையும் (மற்ற உலோகம் அரிக்காமல் தானே கரையும் கட்டி) மாற்றிவிடுங்கள். கட்லெஸ் பேரிங்கை (ஷாப்ட்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்) ஒட்டி மாட்ட வேண்டாம், ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அந்த ரப்பருக்குக் கடல்தண்ணீர்தான் எண்ணெய்.