மாமா ஊருக்குப் போகும் முன் ஒரு நாள் ஆற்றுக்கு

குழு: பொருநைக் கரை வீடு

ஞாயிறு, ஜூன் 1

முருகேசன்: எல்லோருக்கும் வணக்கம். மாமா 12ஆம் தேதி விமானம் ஏறுகிறார். வந்து மூன்று மாதம் ஆகப் போகிறது. கோயில், செயின்ட் லூயிஸ் ஆர்ச் என்ற பெரிய வளைவு, மிருகக்காட்சி சாலை எல்லாம் பார்த்தாயிற்று, ஆற்றுக்கு மட்டும் இன்னும் கூட்டிப் போகவில்லை. அடுத்த வாரக் கடைசியில் ஜாக்ஸ் ஃபோர்க் ஆற்றுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொன்னால் படகு சொல்லி வைத்துவிடுவேன்.

கார்த்தி: நான் ரெடி

ராஜி: எந்த ஆறு அண்ணன்? 2019இல் போன ஆறா?

செந்தில்: டிபன் கேரியர் ஆறு 😀

கோமதி: அது ஹூஸா ஓடை. இது வேறு. அந்தக் கேரியர் பேச்சை எடுக்காதீர்கள், எங்கள் அம்மா சீராகக் கொடுத்தது.

ராஜி: நான் ஒன்றும் சொல்லவில்லை மதினி. படகைக் கவிழ்த்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

செந்தில்: துடுப்பு என் கையில் இருந்தது, சரி. "இடப்பக்கம் இடப்பக்கம்" என்று கத்தியது யார்?

முருகேசன்: மாப்பிள்ளை, நான் இடப்பக்கம் மரம் இருக்கிறது என்று கத்தினேன். இப்போதே சொல்லி வைக்கிறேன், விழுந்து கிடக்கும் மரத்தின் வேர்க்கட்டைதான் இந்த ஆறுகளில் பெரிய ஆபத்து. தண்ணீர் அதன் ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. படகு அதில் மோதினால் பயந்து இந்தப் பக்கம் சாயக்கூடாது, மரத்தின் பக்கம் சாய வேண்டும். இந்தப் பக்கம் சாய்ந்தால் நீரோட்டம் விளிம்பில் ஏறிப் படகைப் புரட்டிவிடும். அன்று நடந்தது அதுதான்.

கார்த்தி: புளியோதரை மிதந்தது

அம்மா: யாரும் ஆற்றுக்குப் போக வேண்டாம். தம்பிக்கு 71 வயது.

மாமா: அக்கா, எனக்கு நீச்சல் தெரியும்.

அம்மா: 92 வெள்ளத்திலும் உனக்கு நீச்சல் தெரிந்துதான் இருந்தது. ராத்திரி முழுக்க மாட்டுக்கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்தாய்.

மாமா: அது அணை திறந்த வெள்ளம்.

செந்தில்: மச்சான், அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017 ஏப்ரல் கடைசியில் அந்தப் பக்கம்தானே வெள்ளம்? ஜாக்ஸ் ஃபோர்க் போய்ச் சேரும் கரண்ட் ஆறு, வான் பியூரன் ஊரில் 37 அடி ஏறியது.

முருகேசன்: ஆமாம், 1904இல் வந்த 29 அடிதான் அதற்கு முன் அதிகம். மறைக்க ஒன்றும் இல்லை. மலை ஓடைகள்தானே, மேலே மழை பெய்தால் சட்டென்று ஏறும். அதனால்தான் நாம் படகு ஏறும் ஆலி ஸ்பிரிங்கில் இருக்கும் நீர்மட்ட அளவுகோலைப் பார்க்காமல் நான் கிளம்புவதே இல்லை, இணையத்தில் மணிக்கு மணி தெரியும். தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தால் போக மாட்டோம். தெளிந்து இறங்கிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. அம்மா, நான் 14 வருஷமாகப் போகிறேன், ஜூன் மாதத்தில் அங்கே பாதி இடத்தில் முழங்கால் ஆழம்தான், படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

அம்மா: முழங்கால் தண்ணீரில் எதற்குப் படகு?

கார்த்தி: நல்ல கேள்வி அத்தை

முருகேசன்: ஃப்ளோட் என்றால் அதுதான் அம்மா. ஆற்றோடு இறங்கிப் போவது. மேலே ஓரிடத்தில் படகுக்காரர் இறக்கிவிடுவார், ஆறே நம்மைக் கொண்டுபோகும், கீழே எமினென்ஸ் ஊரில் கரையேறிக்கொள்வோம். ஆலியிலிருந்து 6 மைல் சொச்சம். இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம், நாம் தூண்டில் போட்டுக்கொண்டு போனால் முழு நாள். ஆலி ஊற்று ஒன்றே ஒரு நாளைக்கு 8 கோடி கேலன் தண்ணீர் தருகிறது. மழை இல்லாத மாதத்திலும் அதற்குக் கீழே ஆறு ஓடும். 1894இல் கட்டிய சிவப்பு மாவு மில் ஒன்று அந்த ஊற்றை ஒட்டி இன்னும் நிற்கிறது. ஊற்றுத் தண்ணீர் எப்போதும் 14 டிகிரிதான், குற்றாலத்தைவிடக் குளிரும்.

மாமா: அணை எத்தனை?

முருகேசன்: ஒன்றும் இல்லை மாமா.

மாமா: ஒன்றுமா இல்லை?

முருகேசன்: இல்லை. கரண்ட் ஆறும் ஜாக்ஸ் ஃபோர்க்கும் 1964இல் சட்டம் போட்டுக் காப்பாற்றியவை, இரண்டும் சேர்த்து 134 மைல். இங்கேயும் அணைக்குத் திட்டம் இருந்தது. மேற்கே ஜேம்ஸ் ஆறும் வெள்ளை ஆறும்தான் ஃப்ளோட்டுக்கே பேர் போனவை. கலீனாவிலிருந்து பிரான்சன் வரை தட்டையான நீளப் படகில் ஆள் வைத்து ஒரு வாரம் கூட இறங்குவார்கள், ராத்திரி திட்டிலேயே கூடாரம், மீன் வறுவல். 1958இல் டேபிள் ராக் அணை வந்தது, அந்த ஆற்றில் பெரும்பகுதி ஏரிக்கு அடியில் போய்விட்டது. நம் வீட்டுக்குப் பக்கத்து மெராமெக் ஆற்றுக்கும் அணை வர இருந்தது, 1978இல் ஓட்டெடுப்பு வைத்து மக்கள் வேண்டாம் என்றார்கள்.

மாமா: நம் பொருநையில் கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டுத் தடுப்பு. தடுப்பில்லாத ஆற்றைப் பார்க்க வேண்டும். நான் வருகிறேன்.

ராஜி: சரி எந்த நாள்?

முருகேசன்: சனி 7 அல்லது ஞாயிறு 8. ஜூன் முதல் திங்களுக்கு அடுத்து வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மிசௌரியில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் மீன் பிடிக்கலாம். மாமாவுக்கு அது வசதி. 65 தாண்டினால் உரிமம் வேண்டாம் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், வந்து போகிறவர்கள் தினசரி உரிமம் வாங்க வேண்டும்.

செந்தில்: சனி முடியாது, ஆன்கால். கூப்பிட்டால் வேலைக்குப் போக வேண்டும்

கோமதி: ஞாயிறு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா ஒத்திகை இருக்கிறதே.

ராஜி: மதினி அது 15

கோமதி: 8 என்று மெயில் வந்தது. பார்க்கிறேன்.

திங்கள், ஜூன் 2

அம்மா: தம்பி, ஊருக்கு வரும்போது பாதாம் இரண்டு கிலோ. போன தடவை கொண்டு வந்தது நன்றாக இருந்தது.

மாமா: சரி அக்கா

கோமதி: அப்பாவுக்கு 23 கிலோ பெட்டி இரண்டுதான். ஒன்றில் ஏற்கெனவே ராஜி கொடுத்த குக்கர் இருக்கிறது.

ராஜி: அது சின்னத் தாத்தா வீட்டுக்கு, எடுக்க முடியாது.

கோமதி: சின்னத் தாத்தா வீட்டில் குக்கர் இல்லையா?

ராஜி: மதினி 🙏

கார்த்தி: மீன்?

முருகேசன்: நன்றி கார்த்தி. மீன் விஷயம் சொல்லிவிடுகிறேன். நாம் தேடிப் போவது ஸ்மால்மௌத் என்ற மீன். வெண்கல நிறம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, கண் பல சமயம் சிவப்பாக இருக்கும். வாயின் கோடு கண்ணைத் தாண்டிப் போகாது, அதை வைத்து அதன் பங்காளி லார்ஜ்மௌத்திலிருந்து பிரித்துச் சொல்லலாம். குளத்தில் சும்மா கிடக்கும் மீன் இல்லை. ஓடும் தண்ணீர், கல், குளிர்ச்சி மூன்றும் வேண்டும் அதற்கு. முக்கிய உணவு கிராஃபிஷ், நம் ஆற்று இறால் மாதிரி, கொடுக்கு மட்டும் பெரிது. அதைப் போலவே பழுப்பு நிறத்தில் ரப்பர் இரை வைத்து அடியில் கல்லோடு கல்லாக உருட்டிக்கொண்டு வந்தால் டக் டக் என்று தட்டும். அப்புறம் இழுக்கும் பாருங்கள், 12 அங்குல மீன் கம்பை வளைத்துவிடும், தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்.

மாமா: எங்கே நிற்கும்?

முருகேசன்: வேகமான தண்ணீர் வந்து மடுவில் விழும் இடம், பெரிய கல்லுக்குப் பின்பக்கம், வேர்க்கட்டை நிழல். காலையிலும் சாயங்காலமும் ஓரத்துக்கு வரும்.

மாமா: ஓட்டத்தில் நிற்காது. ஓட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வருவதை எட்டிப் பிடிக்க.

முருகேசன்: அதேதான் மாமா! எனக்கு இது புரியவே மூன்று வருஷம் ஆயிற்று.

மாமா: மீன் எங்கேயும் மீன்தான். மண்புழு தோண்டி வைக்கிறேன்.

முருகேசன்: மண்புழு வேண்டாம் மாமா, முள்ளோடு விழுங்கிவிடும், தொண்டையில் மாட்டினால் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஒற்றை முள் ரப்பர் இரை தருகிறேன், முள்ளின் எதிர்க்கொக்கியையும் நசுக்கி வைத்திருக்கிறேன். ஈரக் கையால் கீழ் உதட்டைப் பிடித்துக் கழற்றி விட்டுவிடலாம்.

மாமா: விடுவதா?

ராஜி: ஆரம்பித்தாயிற்று

மாமா: பிடித்த மீனை விடுவதற்கு எதற்கு 150 மைல் போக வேண்டும்? கோமதி குழம்பு வைக்கட்டும், மாங்காய் போட்டு.

கோமதி: நான் மசாலா அரைத்துக்கொண்டு வருகிறேன் அப்பா.

முருகேசன்: கோமதி, நீயுமா. மாமா, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த ஓடைகளில் ஸ்மால்மௌத் மெதுவாக வளரும், 12 அங்குலம் ஆக நான்கைந்து வருஷம். வசந்தத்தில் ஆண் மீன் கல்லில் குழி பறித்து முட்டைக்குக் காவல் இருக்கும், அதைத் தூக்கினால் முட்டை மொத்தமும் மற்ற மீன்களுக்குப் போய்விடும். அதற்காகவே மார்ச்சிலிருந்து மே நான்காவது சனி வரை பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்று சட்டம். இப்போது அந்தக் காலம் முடிந்துவிட்டது, வைத்துக்கொள்ளலாம், 12 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. சிறப்புப் பகுதிகளில் 15, அதுவும் ஒன்றே ஒன்று. சட்டப்படி தப்பில்லை. ஆனால் ஒரு மடுவில் பெரிய மீன் நாலோ அஞ்சோதான் இருக்கும், நாம் இரண்டை எடுத்தால் அந்த மடு அடுத்த பல வருஷத்துக்கு வெறும் தண்ணீர். குழம்புக்கு "காகிள்-ஐ" என்ற மீனைப் பிடிப்போம், அதுவும் அங்கேதான் இருக்கும், தின்ன ருசி. விதிப் புத்தகத்தில் அளவு பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

கார்த்தி: காகிள்-ஐ 👍 முழிக்கண்ணன்

மாமா: யோசிக்கிறேன்.

செந்தில்: குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

முருகேசன்: தாராளமாக. 7 வயதுக்குக் கீழே என்றால் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே இருக்க வேண்டும். பாப்பாவுக்கு என்னிடம் சின்னது இருக்கிறது. அம்மா, மாமாவும் போட்டுக்கொள்வார். கண்ணாடிப் பாட்டில் ஆற்றில் கூடாது, ஊறுகாய் பாட்டில் உட்பட, தெர்மகோல் பெட்டியும் கூடாது. குப்பைப் பை கட்டாயம்.

அம்மா: போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்.

செவ்வாய், ஜூன் 3

முருகேசன்: ஞாயிறு என்று வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காற்று ட்யூபில் மிதப்பவர்கள், பாட்டு, கூட்டம், மீன் தலை காட்டாது. ஞாயிறு காலை 5 மணிக்குக் கிளம்பினால் நெடுஞ்சாலை 19 வழியாக ஸ்டீல்வில், சேலம் தாண்டி 8 மணிக்குப் போய்விடலாம்.

ராஜி: எந்தச் சேலம் 😀

செந்தில்: 19இல் வளைவு அதிகம், பாப்பா வாந்தி எடுப்பாள். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்.

கோமதி: ஒத்திகை 8 என்பது உறுதி. பார்த்துவிட்டேன்.

ராஜி: அப்படியானால் சனி?

முருகேசன்: செந்திலுக்கு முடியாதே. வேறு இடம் என்றால் பக்கத்தில் ஹூஸா இருக்கிறது, பாதி தூரம்தான், ஒத்திகைக்குள் திரும்பிவிடலாம். மாமா என்ன சொல்கிறீர்கள்?

மாமா: ஹூஸா வேண்டாம். அத்தான் போன ஆற்றுக்கே போக வேண்டும்.

ராஜி: அப்பா போனது ஜாக்ஸ் ஃபோர்க்கா?

முருகேசன்: ஆமாம், 2016. நீ அப்போது டெக்ஸாஸில் இருந்தாய். [புகைப்படம்] ஆலிக்குக் கீழே இரண்டாவது வளைவில் ஒரு கூழாங்கல் திட்டு, பின்னால் வெள்ளைப் பாறைச் சுவர். கம்பே வேண்டாம் என்று கைநரம்பில், அதாவது கையால் வீசும் தூண்டில் நரம்பில், ஈயக்குண்டு கட்டிப் போட்டார். ஒரு சாண் நாலு விரல் என்று அளந்தார். நான் சொல்லவே இல்லை, அவராகவே விட்டுவிட்டார்.

ராஜி: இந்தப் படத்தை எனக்கு நீ அனுப்பவே இல்லை அண்ணன்.

முருகேசன்: மன்னித்துக்கொள். அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

மாமா: அன்றைக்கு ராத்திரி அத்தான் எனக்குப் போன் செய்தார்.

கோமதி: அப்பா?

மாமா: இங்கே விடிகாலை என்று சொன்னேன், அங்கே சாயங்காலம் என்றார். வயல் விற்ற பிறகு ஒன்பது வருஷம் கழித்து முதல் பேச்சு. வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "டேய், ஆற்று மீன் பிடித்தேன், நம் பொருநை மாதிரியே கண்ணாடித் தண்ணீர், அடியில் கல் தெரிகிறது" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் மீனைப் பற்றியே பேசினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மா: என்னிடம் நீங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

மாமா: சொல்ல என்ன இருந்தது அக்கா.

கோமதி: அந்த ஒன்பது வருஷமும் இரண்டு பக்கமும் போன் பேசிக்கொண்டு நடுவில் இருந்தது நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அப்பா.

மாமா: சொல்லியிருக்கலாம் தாயி.

ராஜி: ❤️

செந்தில்: சனிக்கிழமை ஆன்கால் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறேன்.

கோமதி: நான் ஒத்திகைக்கு வேறு யாரையாவது பார்க்கச் சொல்கிறேன். ஏதாவது ஒரு நாள்.

அம்மா: தம்பி, போய் வா. ஜாக்கெட்டைக் கழற்றாதே.

புதன், ஜூன் 4

கார்த்தி: ரோலாவில் நல்ல மழை

முருகேசன்: ஆலி அளவு என்ன?

கார்த்தி: ஏறுகிறது. கொஞ்சம்.

முருகேசன்: இன்று ராத்திரிக்குள் நின்றால் வெள்ளிக்கிழமை இறங்க ஆரம்பிக்கும், ஞாயிறு தெளிந்துவிடும். சனி என்றால் கலங்கல்தான். வெள்ளி மதியம் முடிவு சொல்கிறேன். படகுக்காரரிடம் இரண்டு நாளுக்கும் மூன்று படகு சொல்லி வைத்திருக்கிறேன், முன்பணம் வாங்கவில்லை.

செந்தில்: ஆன்கால் மாற்றியாயிற்று. சனி ஓகே. ஞாயிறு இப்போது நான் ஆன்கால் 😐

ராஜி: ஐயோ

கோமதி: மசாலா அரைக்கவா வேண்டாமா?

மாமா: அரை. முழிக்கண்ணனுக்கு.

முருகேசன்: மாமா, அப்பாவின் கைநரம்பு என்னிடம்தான் இருக்கிறது. மரச்சக்கையில் சுற்றியது. புது முள் கட்டி வைக்கட்டுமா?

மாமா: முள் நான் கட்டுகிறேன். நீ சக்கையை மட்டும் எடுத்து வெளியில் வை.

ராஜி: சனியா ஞாயிறா யாராவது சொல்லுங்கள், எலுமிச்சைச் சாதத்துக்கு அரிசி எவ்வளவு போட?